541 நாட்கள் பெல்ஜியத்தை நடத்தியது யார்?

2010 ஜூன் 13 அன்று பெல்ஜியம் வாக்களித்தது. புதிய அரசு பதவியேற்றதோ 2011 டிசம்பர் 6-ல். இடைப்பட்ட 541 நாட்களில் பள்ளிகள் நடந்தன, குப்பை அள்ளப்பட்டது, ஓய்வூதியம் வந்துசேர்ந்தது. அரசாங்கமே வேண்டாம் என்போர் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். பெல்ஜியம் பின்பற்றும், வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்கள் தரும் விகிதாசாரத் தேர்தல் முறை நாட்டை முடக்கிவிடும் என்போரும் இதையே காட்டுகிறார்கள். இரு தரப்புமே தவறான பாடத்தைப் படித்திருக்கின்றன.

அரசு எங்கே இருந்தது?

ஈவ் லெட்டர்ம் காபந்துப் பிரதமராக நீடித்தார். 2011-க்கான பட்ஜெட்டை, மன்னர் இரண்டாம் ஆல்பர்ட் கேட்டுக்கொண்டதன்பேரில், அவரது அமைச்சரவையே தயாரித்தது. நாடாளுமன்றம் கூடியது, லிபிய நடவடிக்கைக்குப் போர் விமானங்களை அனுப்ப ஒப்புதலும் தந்தது. இவற்றைவிட முக்கியமானது, கல்வியும் சாலையும் பேருந்தும் அங்கே மத்திய அரசின் கையில் இல்லை என்பது. ஃபிளாண்டர்ஸ், வலோனியா, பிரஸ்ஸல்ஸ் ஆகிய பிராந்தியங்களுக்கும் மொழிச் சமூகங்களுக்கும் தனித்தனி மன்றங்களும் அரசுகளும் உண்டு. அவற்றுக்குக் கீழே நகராட்சிகள். அவை எதுவும் நிற்கவில்லை.

நின்றுபோனவை புதிய முடிவுகள். கடன் சுமையைக் குறைக்கும் திட்டம் இழுபட்டது. 2011 நவம்பர் 25 அன்று ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் நாட்டின் கடன் தகுதியைக் குறைத்தது. மறுநாளே பட்ஜெட் உடன்பாடு எட்டப்பட்டது. பழைய ஏற்பாடுகளை யாரும் தொடரலாம். யாருடைய செலவை வெட்டுவது, யாரிடம் வரி கேட்பது என்று தீர்மானிக்க, மக்களிடம் அதிகாரம் பெற்றவர்களே வேண்டும்.

தாமதத்தின் விலை

இத்தனை தாமதம் ஏன்? நாடாளுமன்றத்தின் 150 இடங்களில், முதலிடம் பிடித்த கட்சிக்கே கிடைத்தவை 27தான். டச்சு மொழியினருக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் தனித்தனிக் கட்சிகள். அதிகாரத்தைப் பகிர்வதில் அவர்களுக்குள் உண்மையாகவே பிளவு இருந்தது. தேர்தல் முறை அதை மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

தொகுதியில் அதிக வாக்குகள் பெற்றவர் மட்டுமே வெல்லும் நம் முறை மறைக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் 31% வாக்குகளுக்கு பாஜகவுக்கு 282 இடங்கள். இரண்டு கோடிக்கும் மேல் வாக்குகள் பெற்று, வாக்கு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜுக்கு ஓர் இடம்கூட இல்லை. முடிவு வெளியான பத்தாம் நாளே அரசு அமைந்தது. அந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த இரண்டு கோடிப் பேர்.

பெல்ஜியத்தில் மேலே அமைச்சரவை அமையவில்லை. கீழே மக்கள் பிரதிநிதிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் நேர்மாறாக நடந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு, பெரும்பாலான ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. மாநகராட்சிகள், நகராட்சிகள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. கோட்டையில் அரசு இருந்தது; ஊரில் தனி அலுவலர் மட்டுமே இருந்தார். குடிநீர் வரவில்லை என்றால் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை.

மேலிடத்தில் அரசு அமையத் தாமதமானால் ஒரு சமூகம் தாங்கிக்கொள்ளும். வாக்குகள் வீணாவதையும், ஊர்மட்டத்தில் பிரதிநிதியே இல்லாமல் போவதையும் நாம்தான் இத்தனை எளிதாகத் தாங்கிக்கொள்கிறோம். விகிதாசார முறை பற்றிய விவாதமும், உள்ளாட்சித் தேர்தலை ஒருநாளும் தள்ளிப்போட முடியாத சட்டமும் இனியும் காத்திருக்கக் கூடாது.