அலுவலகம் இருக்கட்டும், கட்டடமும் இருக்கட்டும்: சென்னையின் பழைய கட்டடங்கள் குறித்த நிலைப்பாடு

1894 முதல் 1977 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தில் இரவுதோறும் விளக்கு எரிந்தது. பகலில் கீழே வழக்கு நடக்கும். இரவில் உச்சியிலிருந்து வங்கக் கடலில் வரும் கப்பல்களுக்கு வழி தெரியும். அதற்கு முந்தைய விளக்கைத் தாங்கிய 1844ஆம் ஆண்டுத் தூணும் அதே வளாகத்தில்தான் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டு ஒன்று இந்த வளாகத்து மதிலைத் தாக்கியது. அதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. கெட்டிக்காரனை ‘பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கு தமிழுக்கு வந்தது அந்த இரவால்தான்.

இத்தனையும் ஒரே மதிலுக்குள் இருந்தாலும், அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் வாய்தாவுக்காகப் போகிறவர்கள். அந்தக் கட்டடத்தின் பலமே அதுதான் என்று இந்த அமைப்பு கருதுகிறது. 1892இல் எதற்காகத் திறந்தார்களோ அதற்காகவே இன்றும் காலையில் அதன் கதவுகள் திறக்கின்றன.

ஆங்கிலேயர் காலத்துத் துறைமுக நகரம் விட்டுச்சென்ற கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வி சென்னையில் அடிக்கடி எழுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது ஒரு பதில். காலி செய்து அருங்காட்சியகம் ஆக்கலாம் என்பது இன்னொன்று. அலுவலகம், பள்ளி, நூலகம் எதுவானாலும் அங்கேயே தொடரட்டும், கட்டடத்தை அதற்குரிய முறையில் பழுதுபார்ப்போம் என்பது மூன்றாவது. மூன்றாவதே இந்த அமைப்பின் நிலைப்பாடு.

இது நடக்கக்கூடியது என்பதற்கு மெரினாவிலேயே சாட்சி இருக்கிறது. காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம் 1839இல் ஃப்ரீமேசன்களுக்காகக் கட்டப்பட்டது. 1993இல் அதை இடிக்கும் திட்டம் வந்தபோது மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். இடிப்பு நின்றது, பிறகு அதே கட்டடம் சீரமைக்கப்பட்டது. தமிழகக் காவல்துறையின் தலைமையகமாக அது இன்றும் இயங்குகிறது. இடம் போதவில்லை என்பவர்களுக்கு எழும்பூரில் பதில் உண்டு. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் புத்தகம் பெருகியபோது பழைய மண்டபத்தைத் தொடாமல் பக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பிக்கொண்டது.

பயன்பாடு மட்டுமே கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது என்பதை இந்த அமைப்பு மறைக்க விரும்பவில்லை. சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாப் 1768இல் எழுப்பிய அரண்மனையின் கலச மஹாலில் அரசு அலுவலகங்கள் இருந்தன. 2012 ஜனவரியில் அது தீப்பிடித்தது. கூரை சரிந்து விழுந்தது. தீயை அணைக்க உள்ளே போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். மரக் கூரைக்கு அடியில் பழைய கோப்புகள் குவிந்துகிடக்கும் ஒவ்வொரு அலுவலகத்தையும் அந்த மரணம் நினைவில் வைத்தே பார்க்க வேண்டும். எரிந்து நின்ற சுவர்களோடு கலச மஹாலின் கதை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். பொதுப்பணித்துறை அதை மீட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. 1900இல் திறந்து 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பழைய புத்தகத்துக்காக அங்கே அலைந்த தலைமுறை இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது.

பழுதுபார்ப்பது என்றாலே சிமெண்டு மூட்டையோடு வருவது வழக்கமாகிவிட்டது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டடங்கள் சுண்ணாம்பால் ஆனவை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். மேலே பார்த்தால் சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். கூரைகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தவை. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். காரையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். மழைநீர்க் குழாய் அடைத்து ஒரு பருவம் தண்ணீர் தேங்கினால் போதும், விட்டத்தின் முனை சுவருக்குள் அழுகத் தொடங்கும். வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை முதல் மழையிலேயே வேரோடு எடுக்காவிட்டால் பிறகு சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னால் ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஓர் ஆளும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் தேவை.

வெள்ளைக்காரன் கட்டியதை ஏன் கட்டிக்காக்க வேண்டும் என்று கேட்பவர்களின் கோபத்தை இந்த அமைப்பு மதிக்கிறது. ஆனால் கட்டியது யார்? உயர் நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். செங்கல் சுமந்தவர்களும் காரை அரைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள். கொடுத்த வரி இந்த மண்ணின் வரி. அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் முத்துசுவாமி ஐயரின் சிலை உள்ளேயே இருக்கிறது. 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் முயன்றபோது, இடத்தை விட்டு நகர மறுத்துக் காப்பாற்றியவர்கள் அங்கே படித்த மாணவிகள். ஓர் அரசியின் பெயர் கொண்ட கல்லூரி அவர்களுடையதாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

சுவர் நின்று, நிறுவனம் போய்விடுவதும் இழப்புதான். சட்டக் கல்லூரி நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. மாணவர்கள் வகுப்பு முடிந்து நடந்து போய் வாதம் கேட்டார்கள். 2018இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போனது. அந்த நடை இனி கிடையாது.

ஆகவே அரசிடமும் மாநகராட்சியிடமும் இந்த அமைப்பு கேட்பவை இவை. மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன் பலன் தரையில் தெரிய வேண்டும். ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்பிய பிறகு செய்தியறிவது போதாது. இடிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அறிவித்து, மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டு நிதி தனியாக ஒதுக்கப்பட வேண்டும். மின்கம்பிகளைச் சோதிப்பதும் கோப்புகளை அகற்றுவதும் அதில் முதல் செலவாக இருக்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள், ஐ.டி.ஐ.களில் அதைப் பாடமாக வைத்தால் இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும். தனியார் கையில் இருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சொத்து வரிச் சலுகை வேண்டும். சுமையை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டுக் கடமையைப் பேசுவது நியாயமில்லை.

ராயபுரத்திலிருந்து தொடங்கலாம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் தூண்களோடு இன்னும் நிற்கிறது, மின்சார ரயில்களும் ராயபுரத்தில் நிற்கின்றன. அங்கே பெரிய முனையம் அமைக்க வேண்டும் என்ற வடசென்னை மக்களின் கோரிக்கையை இந்த அமைப்பு ஆதரிக்கிறது. முனையம் வரும் நாளில் பயணிகள் அந்தப் பழைய தூண்களுக்கு இடையில் நுழைந்து ரயிலேற வழி வைத்தே வரைபடம் போட வேண்டும்.