படம் யாருடையது?

நமது சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நிழற்படப் போட்டி ஒன்று நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். முதற் பரிசு எனக்குக் கிடைத்தது. கை தட்டினீர்கள், தோளைத் தட்டினீர்கள். "இயற்பியல் படிப்பவனுக்குள் இப்படியும் ஒரு கலைஞனா!" என்று வியந்தவரும் உண்டு. அன்றிரவு நான் உறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்த வாரமும் ஓர் இரவு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் மகிழ்ச்சி அன்று. அந்த இரண்டாவது இரவைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

படத்தில் இருந்தவர் நம் விடுதிக்கு அருகே உழைத்துப் பிழைக்கும் தமிழ்நாட்டு அம்மையார் ஒருவர். படம் எப்படி இருந்தது என்று இங்கே வருணிக்கப் போவதில்லை. வருணித்தால் அதை இன்னொரு முறை எடுத்ததாகிவிடும். விழா முடிந்த சில நாளில் யாரோ ஒருவர் அதை அவரிடமே காட்டியிருக்கிறார். மறுநாள் என்னைக் கண்டதும் அழைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, நான் இங்க இந்த வேலை பார்க்கிறது ஊர்ல யாருக்கும் தெரியாதுப்பா. பொண்ணுக்கு வேற பேசிக்கிட்டு இருக்கோம். அதை எடுத்துடேன்" என்றார்.

"எடுத்துடறேன் அக்கா" என்றேன்.

சொல்லிவிட்டேன், எங்கிருந்து எடுப்பது? சங்கப் பலகையிலிருந்து எடுத்தேன். என் கைப்பேசியிலிருந்து அழித்தேன். அதற்குள் அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளுக்குப் போய்விட்டதோ! விட்ட அம்பைத் திரும்பப் பெற வில்லுக்கு வலிமை ஏது? நான் அதற்கு இட்ட தலைப்பு 'உழைப்பின் மாண்பு'. மாண்பைப் பற்றி எழுதியவன், மாண்புக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தச் செய்தியை நுண்கலை பயிலும் நண்பர் ஒருவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. "தயாநிதா சிங்கைப் பற்றிப் படித்திருக்கிறாயா?" என்று கேட்டார். படித்ததில்லை. அதன்பின் படித்தேன். ஆய்வுக்கூடம் போக மிஞ்சிய நேரமெல்லாம் மூன்று மாதம் அதற்கே போயிற்று.

தயாநிதா சிங் நாம் படிக்கும் இந்தத் தில்லி நகரிலேயே 1961-இல் பிறந்தவர். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், பிறகு நியூயார்க்கிலும் பயின்றவர். மாணவியாக இருந்தபோதே தபேலா மேதை ஜாகிர் உசேனுடன் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்து, 1986-இல் நூலாகவே வெளியிட்டவர். எனவே துணிவு இல்லாதவர் என்று எவரும் அவரைச் சொல்ல இயலாது. நிழற்படக் கலைக்கு உலகம் தரும் பெரும் பரிசுகளில் ஒன்றாகிய ஹாசல்பிளாடு விருது 2022-இல் அவருக்குக் கிடைத்தது.

1989-இல், இலண்டன் நாளிதழ் ஒன்றுக்காகத் தில்லித் திருநங்கையரைப் படமெடுக்கச் சென்றார் அவர். அங்கே மோனா அகமது என்பவரைச் சந்தித்தார், படமும் எடுத்தார். படங்கள் இலண்டனில் வெளிவரும் என்பதை அறிந்ததும் மோனா கலங்கினார். அவருடைய உறவினர் சிலர் அந்த ஊரில் இருந்தனர். படங்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். தயாநிதா என்ன செய்தார்? பிலிம் சுருளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே வேண்டுகோள், அதே காரணம். ஆனால் அவரால் கொடுக்க முடிந்தது, என்னால் முடியவில்லை.

கொடுத்ததனால் அவர் இழந்தது என்ன? பத்திரிகைக்குரிய சில படங்கள். பெற்றதோ ஒரு நட்பு. 2017-இல் மோனா மறையும் வரை அந்த நட்பு நீடித்தது. தம் சமூகத்தாலும் ஒதுக்கப்பட்டு, இடுகாடு ஒன்றில் வீடமைத்து வாழ்ந்த மோனா, தம் வாழ்வைப் படமெடுக்கத் தாமே இசைந்தார். 2001-இல் 'மைசெல்ப் மோனா அகமது' என்னும் நூல் வெளிவந்தது. அதில் படங்கள் தயாநிதாவுடையவை. கதையோ மோனா தம் வாய்மொழியாகப் பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். படம் எடுக்கப்பட்டவரே நூலில் பேசுகிறார்! அன்று சுருளைக் கொடுக்க மறுத்திருந்தால் இந்த நூல் ஏது?

இது ஒரு நாள் காட்டிய பெருந்தன்மை மட்டும் அன்று. அவர் தொழில் செய்யும் முறையே இதுதான் என்பது மேலும் படித்தபோது விளங்கிற்று. நண்பர்களுடன் பயணம் செய்து திரும்பியதும், எடுத்த சிறு படங்களை மடிப்பு மடிப்பாக விரியும் ஒரு சிறு ஏட்டில் ஒட்டுவார். ஓர் ஏட்டை அன்று, ஒரே மாதிரி இரண்டு ஏடுகளை. ஒன்று உடன் வந்த நண்பருக்கு. மற்றொன்று தம் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு. அவ்வாறு உருவான ஏடுகளே 2008-இல் 'சென்ட் எ லெட்டர்' என்னும் பெயரில், ஏழு சிறு நூல்களாக ஒரே பெட்டியில் வெளிவந்தன. கல்கத்தா, பம்பாய், காசி எனப் பல ஊர்கள் அவற்றில் உண்டு. ஒரு நூல் அவருடைய அன்னை நோனி சிங் எடுத்த படங்களுக்கே உரியது. இன்னொரு நூல் பத்மநாபபுரம்.

பத்மநாபபுரம் என்றதும் எனக்கு நெஞ்சு துள்ளியது. என் சொந்த ஊர் தக்கலை. அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு. 1956-இல் எல்லை பிரித்தபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையைப் பேணுவது மட்டும் இன்றளவும் கேரள அரசு. பள்ளிச் சுற்றுலாவாகவும், விருந்தினரை அழைத்துக்கொண்டும் எத்தனையோ முறை அந்தக் கருந்தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். கைப்பேசி வாங்கிய பின் அங்கே நான் எடுத்த படங்கள் முந்நூறுக்குக் குறையா. ஒன்றையாவது மறுபடி பார்த்திருக்கிறேனா? இல்லை. தில்லியில் பிறந்தவர் ஒருவர் என் ஊருக்கு வந்து, கண்டு, அந்தக் காட்சியை ஒரு நண்பருக்குக் கடிதமாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயே பிறந்த நான் முந்நூறு படங்களைக் குவித்து வைத்திருக்கிறேன். குவிப்பது வேறு, காண்பது வேறு.

அவர் தம் பழைய படங்களை முடிந்த பொருளாகவே கருதுவதில்லை. சுருளிலுள்ள படங்களையெல்லாம் சிறிய அளவில் ஒரே தாளில் அச்சிட்டுப் பார்க்கும் வழக்கம் அக்கலையில் உண்டு. அந்தத் தாள்களுக்கு ஆண்டுக்கணக்காகத் திரும்பித் திரும்பிச் செல்கிறார். முன்பு ஒதுக்கிய படம் இன்று வேறொன்றின் பக்கத்தில் அமர்ந்து புதுப் பொருள் தருகிறது. மரத்தாலான பெரிய மடக்குச் சட்டங்களைச் செய்து, அவற்றுக்கு 'மியூசியம்' என்று பெயரிட்டு, உள்ளே இருக்கும் படங்களை வேண்டும்போது மாற்றி அடுக்குகிறார். நம் துறையில் இது புதிதன்று. நல்ல ஆய்வாளன் தன் பழைய குறிப்பேட்டைத் தூக்கி எறிவானா? அன்று பிழை என்று கருதிய அளவையே பின்னாளில் அவனுக்கு உண்மையைக் காட்டுவதுண்டு. படம் எடுப்பது நொடிப்பொழுது. எடுத்த படத்தோடு வாழ்வதுதான் கலை என்பது என் முடிவு.

இதை மறுப்பவர் உண்டு. "கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும். விறைத்து நிற்பார்கள். உலகப் புகழ்பெற்ற தெருப் படங்களெல்லாம் கேட்டா எடுக்கப்பட்டன?" என்று நண்பர் சிலர் வாதிடுகின்றனர். அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கடைத்தெருவில் போகும் ஆயிரம் பேரையும் நிறுத்தி இசைவு பெற எவராலும் முடியாது. ஆனால், நாள்தோறும் கண்டு, 'அக்கா' என்றும் 'அண்ணே' என்றும் அழைத்துப் பேசும் ஒருவர் நமக்குத் தெருவில் போகும் அயலாரா? மேலும், அந்த நாளில் படம் ஒரே சுருளில் இருந்தது. மனம் வந்தால் திருப்பித் தரலாம். இன்று நாம் எடுக்கும் படம் காலைச் சிற்றுண்டிக்கு முன் கடல் கடந்துவிடுகிறது. பிறகு கேட்பதற்கு வழி இல்லாதபோது முன்பே கேட்பதல்லவா முறை? இயல்பு போகுமே என்ற அச்சத்துக்கு மோனாவின் நூலே விடை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். வரும் ஆண்டுப் போட்டிக்கு மூன்று விதிகளைச் சங்கம் ஏற்க வேண்டும். ஒன்று: முகம் தெரியும் படமாயின், அதற்குரியவருக்கு முதலில் ஒரு பிரதி; அவர் சரி என்ற பின்னரே பலகை. இரண்டு: தனிப்படத்துக்குப் பரிசு வேண்டா, ஐந்து படங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தித் தருவோருக்கே பரிசு. மூன்று: படத்தின் பின்புறம் நாளும் இடமும், உரியவர் இசைந்தால் பெயரும் எழுதி, ஒரு பிரதி சங்க அலமாரிக்கு. அந்த அலமாரியைத் திறந்து பார்த்தவர்க்கு இவ்விதியின் அருமை தெரியும். பழைய விழாப் படங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. வேட்டி கட்டி வரிசையாக நிற்கும் அந்த இளைஞர்கள் யார், எந்த ஆண்டு என்று சொல்ல ஆள் இல்லை. பின்புறமோ வெறுமை.

பரிசுப் புத்தகங்களைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது பெரிய செயலன்று. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். இக்கட்டுரையை எழுதலாமா என்றும் கேட்டேன். "பேர் போடாம எழுதிக்கோ தம்பி" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வா, ஒரு படம் எடுத்துக் குடு" என்றார்.

போனேன். பட்டுச்சேலை உடுத்தி, பூ வைத்து, சுவரோரம் விறைத்து நின்றார். விறைத்துத்தான் நின்றார், ஐயமில்லை. அந்தப் படத்துக்கு எந்தப் போட்டியிலும் பரிசு கிடைக்காது. கடையில் இரண்டு பிரதிகள் போட்டு, இரண்டையும் அவரிடமே கொடுத்தேன். ஒன்றை ஊருக்கு அனுப்ப வைத்துக்கொண்டார். மற்றொன்றை, "நீ வச்சுக்கோ" என்று என்னிடம் தந்தார்.

வேறொருவர் முகம் என் கைக்கு வருவதற்கு இதுவே நேர்வழி என்று இப்போது அறிகிறேன். பொதுக்குழுவில் தீர்மானம் வரும். நண்பர்கள் சிந்தித்து வாக்களிப்பீர்களாக.