எங்கள் வீட்டுப் பொலிஸ்



இந்த மாதம் எங்கள் வீட்டுக் கதை. இந்தப் பக்கத்தை எழுதுகிற எங்கள் இருவருக்கும் மூத்தவர், எங்கள் அக்கா, ஒன்ராறியோவில் பொலிஸ் அதிகாரி. எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினோம். எந்தப் பொலிஸ் சேவை, எந்தப் பகுதி என்பதை மட்டும் வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டோம்.

2018இல் அக்கா இந்த வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னபோது அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அம்மம்மாதான் பேசினார். "பொலிஸோ? உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" அம்மம்மாவின் யாழ்ப்பாணத்தில் பொலிஸ்காரர் ஒழுங்கைக்குள் வந்தால் பிள்ளைகளைப் பின்கதவால் அனுப்புவார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவை அவர் மறக்கவில்லை. எரித்தவர்களோடு பொலிஸ்காரரும் நின்றார்கள். அக்கா விடவில்லை. "நல்ல ஆக்கள் உள்ளுக்குப் போனால்தானே மாறும் அம்மம்மா?" என்றார். அதற்கு அம்மம்மா சொன்ன பதில் இன்றும் எங்களைக் குடைகிறது. "83இல ஐ.ஜி.பி. ஆர் தெரியுமோ? ருத்ரா ராஜசிங்கம். தமிழன். எங்களுக்கு என்ன நடந்தது?"

நாங்கள் பிறகு தேடிப் பார்த்தோம். உண்மைதான். 1982 முதல் 1985 வரை இலங்கைப் பொலிஸின் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர். கறுப்பு யூலை அவர் காலத்தில்தான் நடந்தது. மேலே ஒருவர் நம்மவராக இருப்பது எவ்வளவு, எவ்வளவு இல்லை என்று அம்மம்மாவுக்குப் புத்தகம் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

அக்கா போனார். ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே, செயின்ற் தோமஸுக்குக் கிட்ட ஐல்மர் என்று ஒரு சின்ன ஊர். ஒன்ராறியோப் பொலிஸ் கல்லூரி அங்கேதான். ரொறன்ரோவில் சேர்ந்தாலும் பீலில் சேர்ந்தாலும் அடிப்படைப் பயிற்சிக்கு அங்கே போய்த் தங்க வேண்டும். சனி ஞாயிறில் உடம்பு முழுக்க நோவோடு வீட்டுக்கு வந்து, அம்மாவின் புட்டையும் சம்பலையும் ஒரு வாளி அளவு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

அப்பாவின் மனம் மாறியது அடுத்த வருடம். 2019 ஒக்ரோபர் முதலாம் திகதி நிஷான் துரையப்பா பீல் பிராந்தியப் பொலிஸின் தலைவரானார். இலங்கையில் பிறந்து சிறு பிள்ளையாக இங்கே வந்தவர், 1995 முதல் ஹால்ற்றன் பொலிஸில் வேலை செய்தவர். மிசிசாகாவுக்கும் பிராம்ப்டனுக்கும் இப்போது ஒரு தமிழ்ப் பொலிஸ் தலைவர். உங்கள் வீட்டு வட்ஸ்அப்பிலும் அந்தப் படம் குறைந்தது பத்துத் தடவை வந்திருக்கும். அன்றிலிருந்து அப்பா தமிழ்க் கடைக் காசாளர் வரைக்கும் "மூத்தவள் பொலிஸ்" என்று சொல்லத் தொடங்கினார்.

அம்மம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "துரையப்பாவின்ர ஆக்களோ?" என்று மட்டும் கேட்டார். ஆம், யாழ்ப்பாண மேயராக இருந்த அல்பிரட் துரையப்பாவின் குடும்பம்தான். 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போன இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்பாவின் தலைமுறைக்கு அந்தப் பெயரில் ஒரு பதவி தெரிந்தது. அம்மம்மாவின் தலைமுறைக்கு ஒரு சாவு தெரிந்தது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பொலிஸ்காரரின் வீட்டாரும் இரண்டு பக்கத்துக்கும் பயந்துதான் இருந்தார்கள். 1978 ஏப்ரலில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை கொல்லப்பட்டதை அம்மம்மா நேற்று நடந்தது போலச் சொல்லுவார்.

பெருமை வந்தவுடன் கூடவே இன்னொன்றும் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை எழுதிப் பயனில்லை.

"பிள்ளை, எனக்கொரு ஸ்பீடிங் டிக்கெற் வந்திட்டுது. உங்கட ஆக்களிட்டச் சொல்லி எடுத்துவிடேலாதோ?" இது முதல் வருடம். அடுத்தது கொஞ்சம் பெரியது. "மகளுக்கு ஒரு பெடியன் பேசி வந்திருக்கு. பேரும் பிறந்த திகதியும் தாறன். உங்கட கொம்பியூட்டரில ஒருக்காத் தட்டிப் பார்த்துச் சொல்லு." கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, எங்கள் சொந்தக்காரர். அவர்களுக்கு இது கடையில் பத்து டொலர் குறைக்கச் சொல்லிக் கேட்பது மாதிரி. ஆனால் பொலிஸ் தகவல் தொகுப்பைச் சொந்தத் தேவைக்குத் திறந்து பார்ப்பது ஒழுக்காற்று விசாரணைக்குரிய குற்றம். யார், எப்போது, எந்தப் பெயரைத் தேடினார் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். அக்கா மறுத்தார். "பொலிஸ் ஆனதும் பெரிய ஆள் ஆகிட்டா" என்று ஒரு மாமி ஆறு மாதம் முகம் கொடுக்கவில்லை.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் போர்ச்சேவகர் சிலர் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற இடம் உங்களுக்குத் தெரியும். யோவான் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, கிடைக்கிற சம்பளம் போதும் என்று இரு என்கிறார். இதைச் சேவகருக்கான புத்தி என்றே நாங்கள் வாசித்து வந்தோம். சேவகரின் மாமிமாருக்கும் இது பொருந்தும் என்று அக்கா சிரித்தார். வீட்டார் கேட்காவிட்டால் பாதிச் சோதனை குறைந்துவிடும் என்றார்.

இனிப் பயம். 2022 செப்டெம்பர் 12, திங்கட்கிழமை. ரொறன்ரோப் பொலிஸின் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த அண்ட்ரூ ஹொங் மிசிசாகாவில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். மதிய இடைவேளையில் ஒரு கோப்பிக் கடையில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 48, வேலையில் 22 வருடம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அம்மாவுக்குச் செய்தி வந்தபோது பெயர் இல்லை. "பொலிஸ் அதிகாரி ஒருவர்" என்று மட்டும் இருந்தது. அம்மா அடுப்பை நிறுத்தவில்லை, கறி அடிப்பிடித்துக் கருகியது, யாருக்கும் மணக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அக்காவிடமிருந்து "நான் ஓகே" என்று மெசேஜ் வந்தது. அம்மா அழுதார். பிறகு, வேறொரு தாய்க்கு அந்த மெசேஜ் வராது என்று நினைத்து இன்னும் அழுதார்.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அம்மா சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு "மகள் எப்படி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நல்லா இருக்கிறா, கடவுள் கிருபை" என்றார். பெருமையை ஊருக்குச் சொல்கிறோம், பயத்தைச் சமையலறையோடு வைத்துக்கொள்கிறோம்.

சாவுப் பயம்கூட ஒரு நாள் வந்து போவது. தினமும் இருப்பது வேறு. விபத்தில் சிக்கிய குழந்தையைத் தூக்கிய இரவுக்குப் பிறகு அக்கா வாகனத்துக்குள்ளேயே அரை மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். சின்னச் சத்தத்துக்கும் சீறினார். "ஆர் அவளுக்கு என்ன செய்தது?" என்று அப்பா கேட்டார், யாரும் ஒன்றும் செய்யவில்லை. 2016இல் ஒன்ராறியோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொலிஸார், தீயணைப்பவர், அம்புலன்ஸ்காரர் போன்றோருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு வந்தால், அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் நிரூபிக்கத் தேவையில்லை. சட்டத்துக்கு விளங்கியது எங்கள் வீட்டுக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. அக்கா இப்போது ஒரு ஆலோசகரிடம் போகிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளும் பேசமாட்டோம், ஒரு இரவுச் சாப்பாட்டு மேசையில் தானாக வெளியே வந்தது. எங்கள் மச்சான் ஒருவரை, வேலை முடிந்து நடந்து வரும்போது ஒரு பொலிஸ்காரர் மறித்து, காரணம் சொல்லாமல் பெயரும் முகவரியும் கேட்டிருக்கிறார். மச்சான் அக்காவைப் பார்த்து, "நீயும் இப்பிடித்தான் மறிப்பியோ?" என்றார். அம்மா கறியைப் பரிமாறுகிற சாட்டில் எழுந்து போனார். அது 2022ஆம் ஆண்டுக் கோடை. அந்த யூன் 15இல்தான் ரொறன்ரோப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் ரேமர், பொலிஸார் பலம் பிரயோகித்ததில் கறுப்பினத்தவர் அளவுக்கு மீறிப் பாதிக்கப்பட்டதாகச் சேவையின் சொந்தக் கணக்கே காட்டியதால், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அக்கா கோபப்படவில்லை. எத்தனை மணி, என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு 2017 முதல் இங்கே நடைமுறையில் உள்ள விதியைச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட குற்றத்தை விசாரிக்காமல், சும்மா தகவல் சேகரிக்க ஒருவரை மறித்தால், ஏன் என்று பொலிஸ் சொல்ல வேண்டும். பதில் சொல்லக் கட்டாயமில்லை என்றும் சொல்ல வேண்டும். வாகனம் ஓட்டும்போது மறித்தால் அது வேறு, அப்போது உரிமத்தைக் காட்டத்தான் வேண்டும். முறைப்பாடு எப்படி எழுதுவது என்றும் மச்சானுக்குக் காட்டினார். மச்சானின் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது எங்களிடம் சொன்னார்: "அவன் கேட்டது சரி. எனக்கு ஏதும் நடந்திடும் எண்டு நீங்கள் பயப்படுறீங்கள். நான் ஆருக்கும் ஏதும் செய்திடுவனோ எண்டுதான் எனக்குப் பயம்."

அதைக் கேட்ட பிறகு எங்கள் குடும்ப ஜெபம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அக்காவைக் காப்பாற்றும் என்பதோடு, அக்காவின் கையில் அகப்படுகிறவர்களையும் காப்பாற்றும் என்று அம்மம்மா சேர்த்துக்கொண்டார். எண்பத்தைந்து வயதில், ஒரு பொலிஸ்காரிக்காகவும் அவர் மறிக்கிற ஆட்களுக்காகவும் ஒரே மூச்சில்.

நம் சபையில் எங்கள் வீடு மட்டுமல்ல. சிறைக் காவலர் இருக்கிறார்கள், அம்புலன்ஸில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பொலிஸுக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இன்னும் சொல்லாத இரண்டு பேரும் இருக்கிறார்கள் (யாரென்று சொல்லமாட்டோம்). வியாழக்கிழமை ஜெபக் குறிப்பில் இவர்களுக்கென ஒரு வரி சேர்க்கப் போதகர் ஒத்துக்கொண்டார். வேலையின் பெயர் போட விருப்பமில்லாவிட்டால் ஆளின் பெயர் மட்டும் தந்தால் போதும்.

அக்கா வருகிற ஞாயிறு இரவு ஷிப்ட் முடிந்து நேரே ஆராதனைக்கு வருவார். பின்வரிசையில் இருப்பார். பிரசங்கத்தில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். டிக்கெற் விஷயம் யாரும் கதைக்கவும் வேண்டாம்.