எங்கே என்பதோடு எப்போது என்றும் கேட்போம்

பங்குனி பிறந்துவிட்டால் வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். மின்விசிறி அனலைத்தான் சுழற்றுகிறது, பிள்ளைகளுக்குத் தேர்வு முடியப்போகிறது, இந்த வருஷம் எங்கே போகலாம்? ஒருவர் ஊட்டி என்பார், இன்னொருவர் கொடைக்கானல் என்பார். "போன தடவை பாதி நாள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோமே" என்று அம்மா நினைவுபடுத்துவார். அதற்கும் ஒரு சமாதானம் சொல்லி, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்துக்கொள்வோம். அதே மலைக்கு அதே சனிக்கிழமையைப் பல்லாயிரம் வீடுகள் குறித்திருக்கும். மலையடிவாரத்தில் வண்டி நின்ற பிறகுதான் அது தெரியவரும்.

இதில் எந்த ஒரு குடும்பத்தின் மீதும் குற்றம் சொல்ல முடியாது. வெயிலில் வெந்தவர்கள் நான்கு நாள் குளிர்ச்சியைத் தேடிப் போவது ஆடம்பரம் ஆகாது. ஆனாலும் தனித்தனியாக நியாயமான ஆயிரம் முடிவுகள் ஒரே நாளில் ஒரே சாலையில் வந்து சேரும்போது மொத்தத்தில் ஓர் அநியாயம் நடந்துவிடுகிறது. அந்த அநியாயத்தைப் போக்க அரசு பாதி தூரம் வரலாம். மீதித் தூரம் நம்முடையது.

வாசலில் ஒரு கணக்கு

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் எனும் இணைய அனுமதிச் சீட்டு கட்டாயமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. முதலில் எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணுவதுதான் நோக்கம். வரம்பு அடுத்த ஆண்டு வந்தது. 2025 ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் ஈடுபடுத்தும்படியும் நீதிமன்றம் கூறியது. பின்னர் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது.

இந்த எண்களை ஊரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகரில் வசிப்பவர்கள் 36,501 பேர். வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டாலும், 6,000 வண்டிகளில் ஒரே நாளில் 24,000 பேர் வந்து இறங்குவார்கள். ஊரில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான கூட்டம். நாற்பது பேர் இருக்கும் கல்யாண வீட்டுக்கு இருபத்தைந்து பேர் கூடுதலாக வந்தால் பந்தியில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இத்தனைக்கும் இது வரம்புக்கு உட்பட்ட கணக்கு.

வரம்பை எதிர்ப்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். வர்க்கி விற்பவர், சுற்றிக்காட்டும் கார் ஓட்டுநர், குதிரைக்காரர், விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் பெண் என்று பலருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்தாக வேண்டும். "வராதீர்கள்" என்று பயணிகளிடம் சொல்வது இவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். அதே ஊரில் பிரசவ வலியில் இருப்பவரை ஏற்றிக்கொண்டு போகும் ஆம்புலன்ஸ், நகராத கார் வரிசைக்குப் பின்னால் நிற்பதும் அதே மாதங்களில்தான். வருமானமும் வேண்டும், வழியும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பெற ஒரே வழி, ஐந்து வாரத்தில் வந்து குவியும் கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பரப்புவது.

மே மாதம் யாருக்கு?

கூட்டம் ஏன் ஐந்து வாரத்தில் குவிகிறது? ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடுகின்றன, ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. மாநிலம் முழுவதற்கும் ஒரே விடுமுறை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேறு நாள் கிடையாது. ஆனால் மே மாதம் மலையேறுபவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளோடுதான் வருகிறார்களா? புதிதாகத் திருமணமானவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒன்றாக வேலை பார்க்கும் இளைஞர்கள், பிளஸ் டூ தேர்வை மார்ச் மாதமே முடித்துவிட்ட பிள்ளைகளின் குடும்பங்கள் எனப் பலருக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. வசதி இருந்தும், "சீசன்" என்றால் மே என்று பழகிவிட்டோம்.

இந்தக் கட்டுரையின் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: மே மாதத்தைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு விட்டுக்கொடுப்போம். பேருந்தில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கு நாம் எழுந்து இடம் கொடுப்பது போல. நாள் நம் கையில் இருந்தால் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் இரு வாரங்களிலோ போகலாம். அதுவும் செவ்வாய், புதன் என்று வார நடுவில். முடிந்தால் செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனுக்கு ஒத்திவைக்கலாம். மழையில் குளித்து எழுந்த மலை அப்போதுதான் பச்சையின் உச்சத்தில் இருக்கும். மே மாத வார இறுதியைவிட அறையும் எளிதாகக் கிடைக்கும். விட்டுக்கொடுப்பவருக்கும் இதில் நட்டமில்லை.

மலைக்கென ஒரு நாள்காட்டி

முன்கோடையில் போகிறவர்கள் மலையின் நிலையையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். சமவெளியில் நம் கிணறு வற்றும் அதே காலத்தில்தான் மலையிலும் அணைகள் இறங்கத் தொடங்குகின்றன. ஊட்டி நகரம் பார்சன்ஸ் வேலி அணையையும், குன்னூர் நகரம் ரேலியா அணையையும் பெரிதும் நம்பியிருக்கின்றன. கோடை மழை பிந்தினால் உள்ளூர்த் தெருக்களில் குடிநீர் முறைவைத்துத்தான் வரும். விடுதியின் குழாயில் வெந்நீர் தட்டில்லாமல் கொட்டுகிறதென்றால், அது லாரியில் வந்த தண்ணீராகவும் இருக்கலாம். அந்த நினைப்போடு குழாயைத் திறந்தால் ஷவரில் நிற்கும் நேரம் தானே குறையும்.

காட்டுக்கு இது தீயின் காலம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேற்றம் போனவர்களில் 23 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. வனத் துறை வழித்தடங்களைத் தீக்காலத்தில் மூடிவைப்பதும் இதனால்தான். "காசு கட்டினால் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது காதோடு சொன்னால், அவர் நம்மைக் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, காய்ந்த புல்லுக்கு நடுவே கூட்டிப்போகிறார். மூணாறுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவும் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் மூடப்பட்டு ஏப்ரலில்தான் திறக்கும். பிரசவ அறைக் கதவைத் தட்டுகிற வழக்கம் நமக்கில்லையே.

குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்குவது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்க முடியும். ஆனால் கோடை மழை ஒரு நாள் மலைமேல் கொட்டினால் அடிவாரத்துக்கு எச்சரிக்கையே இல்லாமல் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. வானம் நம் தலைக்கு மேல் தெளிவாக இருக்கிறதே என்று அருவிக்கரையில் கணக்குப் போடக் கூடாது. மலைமேல் இருக்கும் வானம் வேறு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் பர்லியாறு பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் வரும். அந்தச் சாலை நாம் போடுவதற்கு முன்பே அவை நடந்த வழி. யானையைக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் படமெடுப்பது வீரமாகாது. நமக்குப் பின்னால் நிற்கும் ஐம்பது வண்டிகளையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும்.

ஊரை மாற்றினால் போதுமா?

கூட்டத்தைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் "தெரியாத இடங்கள்" என்று ஒரு பட்டியல் நீட்டப்படுகிறது. ஜவ்வாது மலை, கொல்லிமலை, பச்சைமலை, சிறுமலை, மேகமலை. உள்ளபடியே அழகான மலைகள்தாம். ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆகாய கங்கையைக் காட்டும். ஆனால் ஊட்டி தாங்காத கூட்டத்தை அங்கே திருப்பிவிட்டால் என்ன ஆகும்? ஊட்டியிலாவது நகராட்சி உண்டு, குப்பை வண்டி உண்டு, பெரிய மருத்துவமனை உண்டு. சில நூறு வீடுகள் கொண்ட மலைக்கிராமத்துக்கு ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கார்கள் போனால், திங்கட்கிழமை அந்த ஊரின் ஓடையில் நெகிழித் தட்டுதான் மிதக்கும்.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கத் தொலைவும் ஓர் அளவுகோலாகட்டும். சேலத்துக்காரருக்கு ஏற்காடு, வேலூர்க்காரருக்கு ஏலகிரி, திருச்சிக்காரருக்குப் பச்சைமலை என்று பக்கத்து மலைக்குப் போவதில் சாலையில் கழியும் நேரமும் எரியும் பெட்ரோலும் மிச்சம். சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போக வர ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அதை இரண்டு நாளில் முடிப்பவர் மலையைப் பார்ப்பதில்லை, முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார். தொலைவான ஊர் என்றால் நான்கு நாளாவது ஒரே இடத்தில் தங்க வேண்டும். அப்படித் தங்குபவர் காய்கறிச் சந்தைக்கு நடந்து போவார், உள்ளூர் மெஸ்ஸில் சாப்பிடுவார், அவர் செலவழிப்பது அந்த ஊர்க்காரர் கைக்குப் போகும்.

போகும் வகையும் அப்படித்தான். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் இ-பாஸ் வரம்பில் வருவதில்லை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் எட்டிய நீலகிரி மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்த ரயிலில் ஏறியவுடனே சுற்றுலா தொடங்கிவிடுகிறது. இடம் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. சொந்த வண்டிதான் வேண்டும் என்பவர்கள், மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதையும், எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசிப் பயணிகளின் பேருந்து பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மலைச்சாலை சமவெளிப் பழக்கங்களை மன்னிப்பதில்லை.

அவரவர் பங்கு

பயணிகளிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூர்ப் பழக் கண்காட்சி என்று அரசு நடத்தும் விழாக்களும் மே மாதத்தை ஒட்டியே அடுக்கப்படுகின்றன. கூட்டம் வேண்டாம் என்று ஒரு கையால் தடுத்து, மறு கையால் கூப்பிட்டால் எப்படி? இவற்றில் ஒன்றிரண்டையாவது இரண்டாவது சீசனுக்கு மாற்றலாம். கோடையில் மட்டும் ஓடும் சுற்றுப் பேருந்துகளை ஆண்டு முழுக்க ஓட்டலாம். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற, நிழலும் கழிப்பறையும் உள்ள நிறுத்துமிடம் வேண்டும்.

மதுப் புட்டிகளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022இல் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்க எளிய பத்து ரூபாய் போதும் என்று யோசித்த நிர்வாகத்துக்கு, மற்றக் குப்பைகளுக்கும் அப்படியொரு வழி தோன்றாதா?

விடுதிக்காரர்கள் மே மாதக் கட்டணத்தை மும்மடங்காக்குவதை விட்டு, மற்ற மாதங்களின் வார நாள்களுக்குக் கண்ணில் படும்படி தள்ளுபடி தரலாம். வாடகை வேன் ஏற்பாடு செய்பவர்கள், "ஒரே நாளில் பதினான்கு இடம்" என்று விற்பதை நிறுத்தலாம். அலுவலகங்கள் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மே மாத விடுப்பையும் மற்றவர்களுக்கு வேறு மாத விடுப்பையும் பேசி வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்கள், வந்தவர் எப்படியும் இன்னொரு முறை வரப்போவதில்லை என்ற எண்ணத்தில் விலை சொல்வதைக் கைவிடலாம். ஒருவர் செய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் யாரும் தொடங்கமாட்டோம்.

உறவினர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "இந்த வாரம் வரலாமா, வீட்டில் வேறு யாரும் வந்திருக்கிறார்களா?" என்று கேட்கிறோம். கேட்டதால் நம் மரியாதை குறைந்துவிடுவதில்லை. இ-பாஸ் என்பதும் மலையிடம் அப்படிக் கேட்பதுதான். அங்கே இடமில்லை என்று பதில் வந்தால் கள்ள வழி தேடாமல் வேறு நாளைக் குறித்துக்கொள்வோம். இந்த ஆண்டு வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கும்போது, வரைபடத்தை எடுப்பதற்கு முன்னால் நாள்காட்டியை எடுத்து நடுவில் வையுங்கள்.