காற்றுப் படகுக்கும் முதுகெலும்பு வேண்டும்



வெலிமடையில் இருப்பவளுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் லயத்துப் பீலியும் உமா ஓயாவும்தான். ஆனாலும் இந்த மாதம் படகைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் ஒரு கடிதம்.

எழுதியவர் ஒரு தங்கச்சி. அவருடைய பெற்றோர் எமது பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1983 கலவரத்துக்குப் பின்னர் மலையை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய பல குடும்பங்களில் அதுவும் ஒன்று. 2009இல் கணவரையும் வலது காலையும் அவர் இழந்தார். இப்போது செயற்கைக் காலுடன் மட்டக்களப்பு வாவிக்கரையில் சின்னம்மா வீட்டில் பிள்ளையோடு இருக்கிறார். கனடாவில் உள்ள தம்பி கப்பலில் அனுப்பிய பெட்டியில் காற்றடித்து மிதக்கவிடும் காயாக் படகு ஒன்று வந்திருக்கிறது. மகளிர் குழுவோடு சேர்ந்து, வாவியில் கண்டல் பார்க்க வரும் பயணிகளை ஏற்றிச் சிறிது சம்பாதிக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

"அக்கா, படகில் ஏறினால் நடு தாழ்ந்து இரண்டு முனையும் வாழைப்பழம் போல மேலே வளைகிறது. செயற்கைக் காலை வைத்தால் தரை புதைகிறது. எனக்குத் தண்ணீர் என்றாலே நெஞ்சு பதறும். தரையை விறைப்பாக்க இரண்டு விதமான சாமான் இருக்கிறது, ஒன்றைத்தான் அனுப்பலாம் என்று தம்பி சொல்கிறான். எதை அனுப்பச் சொல்ல?" என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததையும், கித்துல்கலையில் களனி கங்கைப் படகுகளில் ஏழு வருடம் வழிகாட்டியாக வேலை செய்த என் மகனிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வேறு யாருக்காவதும் உதவும்.

முதலில் காயாக் என்றால் என்னவென்று பார்ப்போம். வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிட் மக்களின் படகு அது. மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். நீர் புகாதபடி அந்தத் தோலைத் தைத்தவர்கள் பெண்கள். தையல் பிழைத்தால் வேட்டைக்குப் போனவர் திரும்பமாட்டார். இன்றைய காற்றுப் படகில் தோல் மட்டும் இருக்கிறது, சட்டம் இல்லை. சட்டத்தின் வேலையைக் காற்று செய்ய வேண்டும். காற்றால் முடியாத இடத்தில் நாம் துணைக்கு எதையாவது வைக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துக் கொழுந்துக் கூடையையும் சாக்கையும் நினைத்துப் பாருங்கள். கூடைக்குப் பிரம்பு விலா உண்டு, எவ்வளவு திணித்தாலும் வடிவம் மாறாது. சாக்கு, போட்ட பாரத்தின் பக்கம் தொங்கும். விறைப்பில்லாத படகும் சாக்குப் போலத்தான். நடு தாழ்ந்த படகு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். துடுப்புப் போடும் தோள் சீக்கிரம் களைக்கும். நேரே போக நினைத்தால் பக்கத்துக்குத் திரும்பும்.

இனி, அந்த இரண்டு சாமான்கள்.

முதலாவது, அலுமினியத் தண்டு. துண்டு துண்டாகப் பூட்டி, படகின் அடித்தோலுக்கும் காற்றுத் தரைக்கும் இடையில் முனையிலிருந்து முனை வரை நீட்டி வைப்பது. இதைப் படகின் முதுகெலும்பு என்றே சொல்கிறார்கள். இது அடிப்பக்கத்தை நடுவில் கீழே தள்ளிக் கூர்மையாக்குவதால் படகு நேர்கோட்டில் ஓடும். தூரம் போகிறவர்களுக்கும் காற்று வீசும் இடத்துக்கும் நல்லது. இருக்கையின் உயரம் மாறாது. ஆனால் உப்பு நீரும் மணலும் பட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகி, கழற்ற முடியாமல் போகும். ஒவ்வொரு தடவையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இன்னொன்று, தண்டு வைத்தாலும் கால் மிதிக்கும் மேற்பரப்பு பழைய மெத்துத் தரைதான்.

இரண்டாவது, நூல் தைத்த உயர் அமுக்கத் தரை. பஞ்சு மெத்தையில் இடையிடையே நூல் போட்டு இழுத்துத் தைப்பார்களே, அதே வித்தை. சாதாரணப் பைக்குக் காற்றடித்தால் பந்து போல உருண்டு விடும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் ஒரே அளவில் பிடித்து வைத்திருந்தால், எவ்வளவு அடித்தாலும் பலகை போலத் தட்டையாகவே நிற்கும். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956இல் இத்தகைய துணியைக் கொண்டு காற்றடித்துப் பறக்கும் சிறிய விமானமே செய்தது என்றால் அதன் விறைப்பை யோசித்துக் கொள்ளுங்கள். சாதாரணத் தரைக்குச் சதுர அங்குலத்துக்கு 1 முதல் 3 இறாத்தல் வரை காற்றுப் போதும். இதற்கு 6 முதல் 10 வரை வேண்டும். பழைய தரையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பார்கள். கால் புதையாது. குறையும் உண்டு. கூடுதல் பாரம், நல்ல பம்ப் தேவை, இருக்கை சற்று உயர்ந்தால் படகு கொஞ்சம் ஆடும். அடி தட்டையாவதால் நேரே ஓடுவதற்கு அடியில் செட்டை பூட்ட வேண்டியும் வரலாம். ஆழமில்லாத, பாசி நிறைந்த இடத்தில் அந்தச் செட்டை சிக்கிக்கொள்ளும்.

கையில் காசில்லாதவர்கள் பிளைவூட் பலகை வெட்டிப் போடுவதும் உண்டு. விளிம்பையும் மூலைகளையும் உருட்டி, அரத்தாளால் தேய்த்து, பழைய ரியூப்பை வெட்டி ஓரம் கட்டினால்தான் அதைப் போடலாம். கூரான மூலையும் அதன் கீழே அகப்பட்ட மணலும் ஒரு பருவத்திலேயே தோலை அரித்துவிடும். நீர் குடிக்காத ஸ்பொஞ் பாயொன்று போட்டாலும் உட்காரும் இடத்தில் பாரம் பரவி இடுப்புக்குச் சுகமாயிருக்கும். ஆனால் படகு வளைவதை அது நிறுத்தாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, "ஒன்றும் வாங்குவதற்கு முன்னர் இருக்கிற தரையில் காற்று எவ்வளவு என்று அளந்து பார்" என்று அந்தத் தங்கச்சிக்குச் சொன்னேன். கைக்கு விறைப்பாகத் தெரிந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். கை பொய் சொல்லும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒருமுறை மகனோடு போனபோது, சைக்கிள் பம்பால் களைக்கும் மட்டும் அடித்துவிட்டு ஒரு சிறிய படகில் ஏறினேன். நடு ஆற்றில் அது என்னை மடித்துக்கொண்டது. உயிர்காப்பு அங்கி போட்டிருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். படகில் பிழையில்லை, காற்றுத்தான் பாதி.

தங்கச்சி அடுத்த வீட்டுப் பையனிடம் அமுக்கமானி இரவல் வாங்கி அளந்தார். படகில் அச்சடித்திருந்த அளவு 2 இறாத்தல், இருந்தது 1 கூட இல்லை. சவர்க்கார நுரை தடவிப் பார்த்தபோது வால்வின் அடியில் குமிழி வந்தது. வால்வை இறுக்கி, பக்கக் குழாய்களை முதலில் நிரப்பி, தரையைக் கடைசியில் நிரப்பினார். (பெரும்பாலான படகுகளுக்கு இதுதான் முறை. உங்கள் படகோடு வந்த தாளையும் பாருங்கள்.) தரை கடைசியில் ஊதும்போது பக்கங்களை நெருக்கிக்கொண்டு இறுகும். வாழைப்பழ வளைவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக எழுதினார். ஒரு சதமும் செலவில்லை.

மிச்சமிருந்தது கால் புதைவது. அவர் போகப் போவது கரையோரமாக, ஆழமில்லாத அமைதியான நீரில், சிறிது தூரம். நேர்கோட்டில் வெகுதூரம் ஓடுவது அவருக்குப் பெரிய தேவையல்ல. ஏறி இறங்கும் அந்த ஒரு நிமிடம்தான் அவருக்கு ஆபத்து. செயற்கைக் காலுக்குத் தரை எங்கே என்று தெரியாது. மெத்தென்று அமிழும் இடத்தில் அது வழுக்கினால் உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாயும். ஆகவே நூல் தைத்த தரையையே கேட்கச் சொன்னேன். தூரம் போகிற வேறொருத்தி கேட்டிருந்தால் தண்டைச் சொல்லியிருப்பேன்.

வாங்குமுன் தம்பி கவனிக்க வேண்டியவை: அந்தத் தரை அதே படகின் அதே மாதிரிக்குச் செய்யப்பட்டதா, நீள அகலம் சரியா, வால்வின் துளை ஒரே இடத்தில் வருகிறதா, அமுக்கமானி பூட்டிய பம்ப் கூட வருகிறதா. தரையையும் தண்டையும் சேர்த்துப் போடலாமா என்பதைச் செய்தவர்களிடமே கேட்க வேண்டும். எல்லாப் படகுக்கும் இரண்டும் ஒத்துப்போகாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்லவாயவில் வாங்கிய முறுக்குப் பக்கெட், பஸ் எல்ல ஏறும்போது ஊதிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் குறைகிறது. வாவிக்கரையில் வெயில் உள்ளேயுள்ள காற்றைச் சூடாக்கி அதே வேலையைச் செய்யும். காலையில் 2 இறாத்தல் அடித்த குழாய், நடுப்பகல் மணலில் 3க்கு மேல் போகக்கூடும். 8 அடித்த தரை 10ஐ நெருங்கும். கரையில் நிறுத்தினால் நிழலில் வையுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தளரும், அப்போது திரும்ப அளந்து நிரப்புங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியில் வெள்ளம் வந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் எமது பதுளை மாவட்டம் பட்டதையும் நாம் மறக்கமாட்டோம். எந்தத் தரை போட்டாலும் இது வெள்ளத்தில் ஆள் மீட்கும் படகு அல்ல. ஓடும் வெள்ளத்தில் இதை இறக்காதீர்கள். அமைதியான நீரிலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது, வழிகாட்டியும்தான்.

போன கிழமை தங்கச்சியின் கடிதம் வந்தது. புதிய தரை வந்துவிட்டது. முதல் நாள் படகைக் கரை மணலிலேயே வைத்து, சின்னம்மாவின் தோளைப் பிடித்தபடி இருபது தரம் ஏறி இறங்கிப் பழகினாராம். இரண்டாம் நாள் முழங்காலளவு நீரில். "2009இல் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தபோது கீழே தரை இருக்கிறதா என்று ஒவ்வொரு அடியும் தேடினேன் அக்கா. இப்போது காலை வைத்த இடத்தில் தரை இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

நெஞ்சு பதறுவது இன்னும் நிற்கவில்லையாம். அது நிற்கும்வரை பயணிகளை ஏற்றுவதில்லை, கரையோரமாகத் தினமும் அரைமணி நேரம் போய்வருவது என்று முடிவு செய்திருக்கிறார். நல்ல முடிவு. அவசரமில்லை தங்கச்சி.

உங்களிடமும் இப்படி ஏதேனும் சாமான் பெட்டியில் கிடந்து, எப்படிப் பாவிப்பது என்று தெரியாமல் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.