வீட்டை டிரஸ்டில் வைக்கும் முன் வங்கியிடம் கேட்டீர்களா?

கோலாலம்பூர் - "வீடு என் பெயரில் இருக்கிறது. அதை டிரஸ்டில் வைத்தால் வங்கிக்கு என்ன?" சொத்துப் பகிர்வு பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கடன் பாக்கி இருக்கும் வரை அந்த வீட்டின்மேல் வங்கிக்கும் உரிமை உண்டு.

அறக்கட்டளை என்றதும் நமக்குக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நினைவுக்கு வரும். லிவிங் டிரஸ்ட் அதுவல்ல. உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஓர் அறங்காவலரிடம் ஒப்படைத்து, அதன் பயன் குடும்பத்துக்குச் சேரும்படி எழுதி வைப்பது. முறையாக மாற்றிவிட்டால், இறப்புக்குப் பின் அந்தச் சொத்துக்காக நீதிமன்ற அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள பெற்றோர் இதை நாடுவதில் நியாயம் இருக்கிறது.

குழப்பத்துக்கு ஒரு காரணம், இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஆலோசனைகள். அங்கே 1982-ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டப்படி, கடன் வாங்கியவரே பயனாளியாக நீடித்து, குடியிருப்பு உரிமையும் கைமாறாமல் இருந்தால், வீட்டை டிரஸ்டுக்கு மாற்றிய காரணத்துக்காக மட்டும் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்ல முடியாது. நமது 1965 தேசிய நிலச் சட்டத்தில் அப்படியொரு பாதுகாப்பு இல்லை.

இங்கே கிராண்ட் எனப்படும் நிலப்பட்டாவில் வங்கியின் அடமானம் பதிவாகிறது. 244-ஆவது பிரிவின்படி அந்தக் கிராண்ட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமையும் வங்கிக்கே. எனவே அதற்குத் தெரியாமல் அறங்காவலர் பெயருக்கு மாற்றுவது நடைமுறையில் நடக்காது.

ஆபத்து இன்னொரு வழியில் வருகிறது. பெயரை மாற்றாமல், "இந்த வீட்டைப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறேன்" என்று ஒரு பத்திரம் மட்டும் எழுதி அலமாரியில் வைத்துவிடுவது. வங்கிக்கு அது தெரியவே தெரியாது. ஆனால், எழுத்துப்பூர்வ சம்மதமின்றி வீட்டின் உரிமையை மாற்றக்கூடாது என்று கடன் ஒப்பந்தங்களில் பொதுவாக விதி இருக்கும். விதி மீறப்பட்டதாக வங்கி கருதினால் 16டி பாரம் வழி நோட்டீஸ் அனுப்பலாம். அதில் தரும் ஒரு மாத அவகாசத்துக்குள் சரிசெய்யாவிட்டால், ஏல உத்தரவு கோரலாம்.

மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டுபவரை எந்த வங்கி இவ்வளவு தூரம் துரத்தும்? அநேகமாகத் துரத்தாது. ஆனால் அலமாரிப் பத்திரம் வெளியே வருவது எழுதியவர் இறந்த பிறகுதான். தவணை தடைப்பட்டு, வங்கியிடம் அவகாசம் கேட்க வேண்டிய அந்த நேரத்தில், பிள்ளைகளின் கையில் இருப்பது வங்கி ஒப்புக்கொள்ளாத ஒரு தாள். டிரஸ்ட் கடனை அழிப்பதும் இல்லை. எம்ஆர்டிஏ போன்ற கடன் காப்புறுதி எடுக்காதிருந்தால் வீட்டோடு அடமானமும் சேர்ந்தே வரும்.

ஆகவே பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே, கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள். முகப்பில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னது செல்லாது. சம்மதம் எழுத்தில் வரட்டும். வீட்டுத் தீக்காப்புறுதியில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். வங்கி மறுத்தால், கடனை அடைத்து கிராண்ட்டை மீட்ட பிறகு டிரஸ்டுக்கு மாற்றலாம். அதுவரை ஓர் உயிலாவது இருக்கட்டும்.