ரேடியோ இல்லாமலும் பறக்கலாம்!

ஆட்டோவுக்கு ஹாரன் கட்டாயம். விமானத்துக்கு ரேடியோ கட்டாயமா? 'இதென்ன கேள்வி, விமானத்தில் ரேடியோ இல்லாமலா!' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், அமெரிக்காவில் ரேடியோவே இல்லாமல் சட்டப்படி, ஹாயாகப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1930களின் கடைசியில் வந்த 'பைப்பர் கப்' என்ற மஞ்சள் நிறக் குட்டி விமானத்தில் இரண்டே சீட். பேட்டரி கிடையாது. முன்னால் நின்று ஒருவர் புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட்டால்தான் இன்ஜின் கிளம்பும். அதில் ரேடியோவை எங்கே மாட்டுவது? அவற்றில் பல இன்றும் பறக்கின்றன. அங்கே பெரிய நகரங்களின் வான்வெளிக்கும், கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையங்களுக்கும்தான் இருவழி ரேடியோ கட்டாயம். பொதுப் பயன்பாட்டில் உள்ள சுமார் 5,000 விமான நிலையங்களில் சுமார் 500-ல்தான் கோபுரம் இருக்கிறது. மற்ற இடங்களில் கண்ணால் பார்த்து இறங்க வேண்டியதுதான்.

கோபுரம் உள்ள இடத்தை நெருங்கும்போது ரேடியோ செத்துவிட்டால்? டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்ற எண்ணைப் போட்டால் ரேடார் திரையில் தெரிந்துவிடும். பிறகு கோபுரத்திலிருந்து விளக்கு பேசும். பச்சை விடாமல் எரிந்தால் இறங்கலாம். சிவப்பு விடாமல் எரிந்தால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு விட்டுவிட்டு மின்னினால் இறங்கவே கூடாது. 'புரிந்தது' என்று சொல்ல, பகலில் இறக்கையை ஆட்டிக்காட்ட வேண்டும்.

கோபுரம் இல்லாத ஊர்களில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. 'நான் இங்கே இருக்கிறேன், இந்த ஓடுபாதையில் இறங்கப்போகிறேன்' என்று அவரவரே அறிவிக்க வேண்டும். ஊர்ப் பெயரை முதலிலும் சொல்வார்கள், முடிவிலும் சொல்வார்கள். பக்கத்து ஊர்களுக்கும் அதே அலைவரிசையாக இருக்கலாம் என்பதால்தான்.

வீட்டில் எஃப்.எம். கேட்கிறோமே, அதில் வலுவான ஸ்டேஷன் பலவீனமானதை அப்படியே அமுக்கிவிடும். விமானத்தில் இன்றும் பழைய ஏ.எம்.தான். இருவர் ஒரே சமயத்தில் பட்டனை அமுக்கினால் கீச்சென்று ஓர் ஊளை கேட்கும். வார்த்தை புரியாது, ஆனால் இன்னொருவர் பேசினார் என்றாவது தெரியும்.

அந்த ஊளைகூடக் கேட்காத ஒரு தருணம் உண்டு. 1996 நவம்பர் 19, மாலை இருட்டும் நேரம். இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்ற ஊரின் விமான நிலையம், கோபுரம் கிடையாது. பத்துப் பயணிகளோடு யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானம் இறங்க வருகிறது. குறுக்கே வெட்டும் இன்னொரு ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர் விமானம். அதன் பின்னால், தன் முறைக்காக ஒரு சிறிய செரோக்கி. 'அங்கே நிற்பவர் காத்திருப்பீர்களா, புறப்படுகிறீர்களா?' என்று இறங்குகிற விமானம் ரேடியோவில் கேட்கிறது. பதில் சொன்னது செரோக்கி. தன் எண்ணைச் சொல்லி, 'காத்திருக்கிறேன்' என்றார் அதன் பைலட். அவருடைய பேச்சின் பின்பகுதி, இறங்கும் விமானத்துக்குள்ளேயே ஒலித்த உயர எச்சரிக்கைக் குரலில் மறைந்துபோனது. கிங் ஏர்தான் பதில் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கினார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் கிங் ஏர் ஓடத் தொடங்கியிருந்தது.

ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் மோதல். இரண்டிலுமாக 14 பேர் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. கிங் ஏர் பைலட்கள் அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை என்பதே விசாரணையில் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அங்கிருந்த சில பைலட்கள் ஓடிப்போனபோது, பயணிகள் விமானத்துக்குள் உயிரோடு இருந்தார்கள். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கேட்டது. வெளியிலிருந்து இழுத்தும் கதவு திறக்கவில்லை, தீ பரவிவிட்டது.

மூன்று விமானங்களிலுமே ரேடியோ இருந்தது. நன்றாகவே வேலை செய்தது.